இரவு வானில் தட்டுவது எது?

கதவைத் தட்டுவது போன்ற ஓர் ஒலிப்பதிவு நம் வீடுகளில் கைக்குக் கை மாறிக் கொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். 'டக், டக், டக்' என்று ஒரே சீராகக் கேட்கும் அந்த ஓசையுடன் ஒரு விளக்கமும் கூடவே வருகிறது. 'இது பல்சர் என்ற நட்சத்திரத்தின் சத்தம். அல்குர்ஆன் அத்தாரிக் என்று கூறுவது இதைத்தான். விஞ்ஞானிகள் 1967 இல் கண்டுபிடித்ததை நமது வேதம் அன்றே சொல்லிவிட்டது' என்பது அந்த விளக்கம். கேட்டவர்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்கிறார்கள். அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அத்துடன் காரியம் முடிந்துவிடுகிறது.

இது சரிதானா என்று கேட்கும் உம்மாமாரும் இருக்கிறார்கள். விஞ்ஞான பாடம் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும்போது பிழையான பதிலைச் சொல்லிவிடக் கூடாதே என்பது அவர்களின் கவலை. நியாயமான கவலைதான். அதிலும் அல்லாஹ்வின் வார்த்தைக்குப் பொருள் சொல்லும் விடயம் இது. ஆகவே அந்தச் சொல்லையும், அந்த நட்சத்திரத்தையும், அதைக் கண்டுபிடித்தவர்களையும் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

அரபியில் 'தரக' என்ற வினைக்கு அடித்தல், தட்டுதல் என்பது அடிப்படைப் பொருள். கொல்லனின் சுத்தியலுக்கு 'மித்ரகா' என்று பெயர். மக்களின் காலடி பட்டுப் பட்டு உண்டாகும் பாதை 'தரீக்' எனப்படும். இரவில் வந்து சேரும் பயணி மூடிய கதவைத் தட்ட வேண்டியிருப்பதால் அவனுக்குத் 'தாரிக்' என்ற பெயர் வந்தது. நீண்ட பயணம் சென்றவர் முன்னறிவிப்பின்றி இரவில் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸ்களில் வருகிறது. அங்கும் இந்த வேர்ச்சொல்லே பயன்படுகிறது. வீட்டிலிருக்கும் மனைவியின் நிலையை எண்ணிச் சொல்லப்பட்ட ஒழுக்கம் அது.

அல்குர்ஆனின் 86 ஆவது அத்தியாயத்துக்கு அத்தாரிக் என்று பெயர். அது ஒரு நட்சத்திரம் என்றும், இருளைத் துளைத்து ஒளிர்வது என்றும் அந்த அத்தியாயமே விளக்கி விடுகிறது. இரவில் வெளிப்படுவதால் நட்சத்திரத்துக்கு இப்பெயர் பொருந்தும் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதினார்கள். எல்லா நட்சத்திரங்களையும் இச்சொல் குறிக்கும் என்றார்கள் சிலர். ஸுஹல் எனப்படும் சனியைக் குறிக்கும் என்றார்கள் வேறு சிலர். ஸுரையா எனப்படும் கார்த்திகைக் கூட்டத்தைச் சொன்னவர்களும் உண்டு. மாபெரும் அறிஞர்கள்கூட இந்த இடத்தில் ஒரே பெயரை அடித்துச் சொல்லவில்லை என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இனி விஞ்ஞானத்தின் பக்கம் வருவோம்.

காகிதத்தில் ஒரு கீறல்

பல்சரை முதலில் கண்டவர் ஒரு மாணவி. பெயர் ஜொசலின் பெல். 1943 இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். பதினொரு வயதில் எழுதும் தெரிவுப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. அவர் படித்த பாடசாலையிலே ஆண்பிள்ளைகளை விஞ்ஞான கூடத்துக்கும், பெண்பிள்ளைகளைச் சமையல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். அவருடைய பெற்றோர் போய் வாதாடிய பின்னரே அவருக்கு விஞ்ஞான வகுப்பில் இடம் கிடைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் சிறப்பு வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அவர் வகுப்புக்குள் நுழையும்போது ஆண் மாணவர்கள் காலால் தரையை உதைத்தும், விசிலடித்தும் கேலி செய்வார்களாம். அவரே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது.

பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அந்தனி ஹியூவிஷ் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அங்கே வானொலித் தொலைகாட்டி ஒன்றை அமைத்துக் கொண்டிருந்தார்கள். வானொலித் தொலைகாட்டி என்பது கண்ணாடி வில்லை கொண்டு பார்க்கும் கருவியல்ல. நம் வீட்டு வானொலிப் பெட்டி கொழும்பிலிருந்து வரும் அலையைக் கம்பியால் பிடிப்பது போல, வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவி. நான்கு ஏக்கருக்கும் மேற்பட்ட வயல் நிலத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான கம்பங்களை நட்டு, 2,000 க்கும் மேற்பட்ட அலைவாங்கிகளைக் கட்டினார்கள். அந்த இளம்பெண்ணும் இரண்டு வருடம் சம்மட்டி பிடித்துக் கம்பம் அறைந்தார், கம்பி இழுத்தார்.

1967 ஜூலையில் கருவி வேலை செய்யத் தொடங்கியது. அது பிடிக்கும் அலைகளைப் பேனா ஒன்று நீண்ட காகிதச் சுருளில் கோடாக வரையும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மீற்றர் காகிதம். அதை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பதுதான் ஜொசலினின் வேலை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சிறு கீறல் அவர் கண்ணில் பட்டது. நட்சத்திரத்தின் கோடு போலவும் இல்லை, மோட்டார் வாகனங்கள் உண்டாக்கும் இரைச்சலின் கோடு போலவும் இல்லை. காகிதத்தில் அது பிடித்த இடம் கால் அங்குலம் அளவுதான். வேறொருவர் என்றால் அதைக் கடந்து போயிருப்பார். இவரோ, இதே கீறலை வானத்தின் இதே இடத்தில் முன்னரும் கண்டோமே என்று நினைவுகூர்ந்தார். பழைய சுருள்களை எடுத்துத் தேடினார். கண்டுபிடித்தார்.

நவம்பர் 28 ஆம் திகதி பதிவுக் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது, கீறல் தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் 1.33 செக்கன். ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வளவு ஒழுங்காக வருவதால், வேற்றுலக மனிதர்கள் அனுப்பும் சமிக்ஞையோ என்று ஆராய்ச்சிக் குழுவினர் அரை விளையாட்டாகப் பேசிக் கொண்டார்கள். டிசம்பர் மாதத்தில் வானத்தின் வேறொரு மூலையிலிருந்து இரண்டாவது துடிப்பையும் ஜொசலின் கண்டுபிடித்தார். இரண்டு மூலைகளில் இருக்கும் வேற்றுலகத்தார் ஒரே நேரத்தில் நமக்குச் செய்தி அனுப்ப மாட்டார்கள் அல்லவா? இது புதியதொரு வகை நட்சத்திரம் என்பது தெளிவானது. 1968 பெப்ரவரியில் செய்தி உலகுக்கு வந்தது.

துடிக்கவில்லை, சுழல்கிறது

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். செய்தி வெளியான உடனேயே பத்திரிகையாளர் ஒருவர் வைத்த பெயர்தான் பல்சர். துடிக்கும் நட்சத்திரம் என்பது பொருள். முதலாவது ஆய்வுக் கட்டுரையும், ஒரு நட்சத்திரம் நெஞ்சு போல விரிந்து சுருங்குவதால் இத்துடிப்பு உண்டாகலாம் என்றே கருதியது. அந்தக் கருத்து ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை.

1968 இறுதியில் நண்டு நெபுலா என்ற புகைமண்டலத்தின் நடுவே ஒரு பல்சர் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒரு செக்கனுக்கு 30 தடவை துடித்தது. அதன் வேகம் மிகச் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதும் தெரிந்தது. விரிந்து சுருங்கும் நட்சத்திரம் இப்படி நடந்து கொள்ளாது. பம்பரம்தான் நேரம் போகப் போக வேகம் குறையும். ஆகவே அது துடிக்கவில்லை, சுழல்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பேருவளை கெச்சிமலைப் பள்ளிவாசலுக்குச் சென்றிருப்பீர்கள். அங்கே கடலிலுள்ள சிறு தீவில் வெளிச்சவீடு ஒன்று உண்டு. கரையில் நிற்பவருக்கு வெளிச்சவீடு விட்டுவிட்டு மின்னுவது போலத் தோன்றும். உண்மையில் விளக்கு அணைவதில்லை. ஒளிக்கற்றை சுற்றி வரும்போது நம் பக்கம் திரும்பும் ஒரு கணம் மட்டும் நமக்குத் தெரிகிறது. பல்சரும் அவ்வாறே. அதன் காந்த முனைகளிலிருந்து வானொலிக் கற்றை புறப்படுகிறது. நட்சத்திரம் சுழலும்போது அக்கற்றை பூமியைத் தொட்டுச் செல்லும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு துடிப்பைப் பெறுகிறோம்.

அப்படியென்றால் அந்த 'டக், டக்' ஓசை? வெற்றிடத்தில் ஓசை பயணம் செய்யாது என்பதை உங்கள் பிள்ளையின் விஞ்ஞான பாடநூலே சொல்லும். தொலைகாட்டிக்கு வந்து சேர்ந்த வானொலி அலையை ஒலிபெருக்கியில் போட்டு ஓசையாக மாற்றியிருக்கிறார்கள். வானொலிப் பெட்டியில் அறிவிப்பாளரின் குரல் கேட்பதும் இந்த முறையில்தான். நட்சத்திரம் எதையும் தட்டவில்லை. தட்டும் ஓசை நம் ஒலிபெருக்கியில் பிறந்தது.

ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகள்

இந்த விடயத்தில் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர் சி. வி. ராமனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவருடைய தமையனாரின் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 இல், 19 வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். பயணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் தன் பாரத்தால் தானே அமிழ்ந்து சிறுக்கும். ஆனால் அதன் எடை ஓர் எல்லையைத் தாண்டினால் அந்தச் சிறிய நிலையிலும் அது நிற்காது, மேலும் நொறுங்கும் என்று அவருடைய கணக்கு காட்டியது. நமது சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. பெரிய அறிஞர்கள் சிலர் அன்று அதை ஏற்கவில்லை. 1983 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி நொறுங்கியபின் எஞ்சுவதுதான் நியூத்திரன் நட்சத்திரம். பல்சர் என்பது சுழலும் நியூத்திரன் நட்சத்திரமே. சூரியனிலும் கூடிய எடை, ஆனால் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் தூரத்திலும் குறைவு. அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் நூறு கோடி தொன்னுக்கு மேல் நிறுக்கும். இவ்வளவு வேகமாக அது சுழல்வது ஏன்? சுழல் நாற்காலியில் கைகளை விரித்துச் சுற்றும் பிள்ளை, கைகளை நெஞ்சோடு அணைத்ததும் வேகம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய நட்சத்திரம் சிறுத்துப் போகும்போதும் அவ்வாறே நடக்கிறது.

அந்தக் குடும்பத்தின் இன்னொருவர் வி. ராதாகிருஷ்ணன். சி. வி. ராமனின் மகன். 1969 இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டியில் வேலா என்ற பல்சரை ஆராய்ந்தார். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் அலையின் திசை ஒழுங்காகத் திரும்பிச் செல்வதை அளந்து, கற்றை காந்த முனையிலிருந்தே வருகிறது என்பதற்கு வலுவான சான்றைத் தந்தார். வெளிச்சவீடு என்ற விளக்கம் அதனால் உறுதி பெற்றது. அதே ஆண்டு, வேகம் குறைந்துகொண்டே வந்த அந்தப் பல்சர் திடீரெனச் சற்று வேகம் கூடியதையும் அவருடைய குழு கண்டது. நட்சத்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய இத்தகைய திடீர் மாற்றங்கள் இன்றும் உதவுகின்றன. பின்னர் அவர் பெங்களூரில் தந்தையார் நிறுவிய ஆய்வு நிலையத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

நீலகிரிச் சரிவில்

நமது மலையகத் தோட்டங்களிலிருந்து 1964 ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியா சென்ற குடும்பங்கள் பல நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. அந்த நீலகிரியில், ஊட்டிக்கு அருகே முத்தோரை என்ற இடத்தில், 1970 இல் ஒரு வானொலித் தொலைகாட்டி அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி. 1929 இல் பிறந்து 2020 இல் காலமானவர்.

அவர் மலையைத் தேடிய விதம் அழகானது. பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகக் கருவியின் நீள அச்சு இருந்தால், அதை ஒரே பக்கமாகத் திருப்பிக் கொண்டே ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். அதற்கு வடக்குத் தெற்காகச் சரிந்த மலை வேண்டும். சரிவின் அளவு அந்த ஊரின் அகலக்கோட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஊட்டியின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட கருவியை அதன்மீது கிடத்தினார்கள். 24 இரும்புச் சட்டங்களுக்கு மேல் 1,100 மெல்லிய உருக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். பெரும்பணம் இல்லாத நாடு, தன்னிடமிருந்த மலையையே கருவியின் பாகமாக்கிக் கொண்டது. மாத்தளையில் அப்படி ஒன்று அமைப்பதென்றால் ஏழரைப் பாகைச் சரிவுள்ள மலை தேவைப்படும்.

அக்கருவியின் முதல் நோக்கமும் நமக்கு நெருக்கமானது. வானொலி அலை வீசும் தொலைதூரப் பொருளைச் சந்திரன் கடந்து மறைக்கும் கணத்தை அளந்து, அப்பொருளின் இடத்தையும் பருமனையும் கணித்தார்கள். பிறை பார்க்கும் சமுதாயத்துக்குச் சந்திரனின் அசைவு கணக்குக்கு உட்பட்டது என்பது புதிய செய்தியல்லவே! பின்னர் பல்சர் ஆராய்ச்சியிலும் ஊட்டி பல ஆண்டுகள் ஈடுபட்டு வந்திருக்கிறது.

அடுத்து புனேக்கு வடக்கே, நாராயண்காவ் என்ற ஊருக்கு அருகே, 30 பெரிய கிண்ணங்களைக் கொண்ட தொலைகாட்டியை ஸ்வரூப் அமைத்தார். ஒவ்வொன்றும் 45 மீற்றர் குறுக்களவு. 25 கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்து நின்று அவை ஒரே கருவியாக வேலை செய்கின்றன. ஒளிபரப்புக் கோபுரங்களின் இரைச்சல் குறைந்த இடம் என்பதும் அந்த ஊரைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம். ரிவர்ஸ்டன் கோபுரத்தின் அடியில் இத்தகைய கருவியை வைத்தால், திருமண வீட்டில் ஒலிபெருக்கி முழங்கும்போது காதோடு பேசும் ஒருவரின் குரலைக் கேட்க முயல்வது போலாகிவிடும்.

2004 இல் அந்தத் தொலைகாட்டி தன் முதல் பல்சரைக் கண்டது. அதன் பின்னர் பல கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. ஒரு செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும் பல்சர்களை அங்கே தேடிக் கண்ட குழுக்களில் ஒன்றுக்குத் தலைமை தாங்குபவர் பாஸ்வதி பட்டாச்சார்யா என்ற பெண் விஞ்ஞானி.

வானத்துக் கடிகாரங்கள்

இன்று 3,000 க்கும் மேற்பட்ட பல்சர்கள் அறியப்பட்டுள்ளன. மிக வேகமானது ஒரு செக்கனுக்கு 716 தடவை சுழல்கிறது. இத்தகைய வேகப் பல்சர்கள் அணுக் கடிகாரங்களோடு போட்டியிடும் அளவுக்கு நேரம் தவறாதவை. நட்சத்திரத்தைக் கொண்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அவை அளவுகோல்கள்.

நமது பள்ளிவாசல்களின் வரலாற்றில் 'முவக்கித்' என்றொரு பதவி இருந்தது. வானத்தைப் பார்த்துத் தொழுகை நேரங்களைக் கணிப்பவர் அவர். திமிஷ்கு உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாதிர், 14 ஆம் நூற்றாண்டின் மாபெரும் வானியலாளர்களில் ஒருவர். 1371 இல் அந்தப் பள்ளிவாசலுக்கு நுட்பமான சூரியக் கடிகாரம் ஒன்றைச் செய்து வைத்தார். நேரத்தைக் கணிப்பது மார்க்கப் பணியாகவும், வானியல் பணியாகவும் ஒருங்கே இருந்த காலம் அது.

இன்றைய முவக்கித்துகள் பல்சர்களைக் கடிகாரமாக்கி ஈர்ப்பு அலைகளைத் தேடுகிறார்கள். குளத்தில் கல் விழுந்தால் நீரில் அலை பரவுவது போல, மிகப் பாரமான பொருட்கள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியிலேயே அலை பரவுகிறது. அந்த அலை நம்மைக் கடக்கையில் பல்சரின் துடிப்பு சற்று முந்தியோ பிந்தியோ வந்து சேரும். அந்த வேறுபாடு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு! 2023 ஜூன் 29 ஆம் திகதி உலகின் பல குழுக்கள் ஒரே நேரத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டன. 15 வருடம், 25 வருடம் என்று பல்சர்களை அளந்ததன் பலனாக, இத்தகைய அலைகள் இருப்பதற்கான சான்று கிடைத்திருக்கிறது என்றன. இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் நாராயண்காவ் தொலைகாட்டியால் எடுத்த அளவுகளும் ஐரோப்பியக் குழுவின் அளவுகளோடு சேர்ந்திருந்தன. ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது.

25 வருடம் என்பது என்ன? ஒரு பிள்ளை பிறந்து, படித்து, மணம் முடித்து வீட்டை விட்டுப் போகும் காலம். அவ்வளவு காலம் ஒரு நட்சத்திரத்தின் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தாரிக்?

இப்போது தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். அத்தாரிக் என்பது பல்சர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பல்சர் தட்டவில்லை, சுழல்கிறது. தட்டுதல் என்ற ஒற்றுமை, அவசரத்தில் வைக்கப்பட்ட ஒரு பெயரிலிருந்தும் ஒலிபெருக்கியிலிருந்தும் வந்தது. இரண்டாவது, அந்த அத்தியாயத்தை முதலில் செவிமடுத்த மக்காவாசிகள் அண்ணாந்து பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்தது இரவின் நட்சத்திரம். பல்சர்களோ வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றாவது, விஞ்ஞானக் கருத்து மாறக்கூடியது. 1968 பெப்ரவரியில் ஒருவர் 'விரிந்து சுருங்கும் நட்சத்திரம்' என்று தப்ஸீர் எழுதியிருந்தால், அவ்வருட இறுதியிலேயே அதை அழிக்க வேண்டி வந்திருக்கும். அழிவது அவருடைய கருத்துத்தான். ஆனால் வாசித்த பிள்ளை, அழிந்தது குர்ஆன் என்றல்லவா எண்ணிவிடும்?

எல்லா நட்சத்திரங்களையும் குறிக்கும் என்ற பழைய விளக்கத்தை எடுத்துக்கொண்டால், பல்சரும் அவற்றில் ஒன்றாக அடங்கும். அதற்கு மேல் அல்லாஹ்வே அறிந்தவன். அந்த அத்தியாயம் நட்சத்திரத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் பாருங்கள். அடுத்து மனிதனிடம் வருகிறது. ஒவ்வோர் ஆன்மாவின் மீதும் கண்காணிப்பு இருப்பதை நினைவூட்டுகிறது. தன் பிறப்பைப் பற்றிச் சிந்திக்கச் சொல்கிறது. பார், சிந்தி என்பதுதான் அங்குள்ள ஏவல். 'எங்களிடம் முன்பே இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வது அந்த ஏவலை நிறைவேற்றுவதாகாது.

நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. நண்டு நெபுலாவை உண்டாக்கிய நட்சத்திர வெடிப்பு 1054 இல் பூமியில் தெரிந்தது. சீனர்கள் அதைப் பகலிலும் கண்டு எழுதினார்கள். பக்தாத் மருத்துவர் இப்னு புத்லானும், ஹிஜ்ரி 446 இல் ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியதாகக் குறித்து வைத்தார். அவர் ஒரு கிறிஸ்தவர். இப்னு அபீ உஸைபிஆ என்ற முஸ்லிம் மருத்துவர் அக்குறிப்பைத் தம் நூலில் பேணிக் காத்தார். கண்டவர் எம்மதத்தவர் என்று பார்க்காமல், கண்டதை மதித்த சமுதாயம் அது.

நம் வீட்டு ஜொசலின்கள்

1974 இல் பல்சர் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பேராசிரியர் ஹியூவிஷுக்குக் கிடைத்தது. இன்னொரு பேராசிரியரும் தம் பணிக்காக அதைப் பகிர்ந்தார். ஜொசலினின் பெயர் இருக்கவில்லை. அவர் அப்போது திருமணம் முடித்து, ஒரு வயதுக் குழந்தையின் தாயாக இருந்தார். கணவரின் வேலைக்காக ஊர் ஊராக மாறி, பல வருடம் அரைநேர வேலைகளையே பார்த்தார். ஆயினும் வானத்தை விடவில்லை. 2018 இல் அவருக்கு 30 இலட்சம் டொலர் பெறுமதியான பரிசொன்று கிடைத்தது. அதில் ஒரு சதத்தையும் தமக்கென வைத்துக் கொள்ளாமல், வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் பௌதிகவியலில் ஆராய்ச்சி செய்வதற்கான உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார்.

சகோதரிகளே! நமது பிரதேசத்தில் நிலைமை எப்படி? உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் 1ஏபி பாடசாலைகளில்தான் உண்டு. ஆண்பிள்ளை என்றால் இரண்டு பஸ் மாறியாவது போகட்டும் என்கிறோம். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' எடுத்த பெண்பிள்ளைக்கோ, பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு போதும் என்கிறோம். கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு எது விருப்பம் என்று கேட்காமலே கதவை மூடுவதைச் சொல்கிறேன். பாதுகாப்புப் பற்றிய அச்சம் இருந்தால், நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்து அனுப்பலாம். ஜொசலினின் பெற்றோர் அதிபரிடம் போய்ப் பேசினார்கள். நமது வாப்பாமாரும் உம்மாமாரும் போய்ப் பேசலாம். வானத்தைச் சிந்திக்கும்படி அல்லாஹ் கூறியபோது ஆண்களை மட்டும் விளிக்கவில்லை.

செலவில்லாமல் இன்றே தொடங்கக் கூடிய ஒன்றும் உண்டு. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும்போது, இஷாவுக்குப் பின் பிள்ளைகளோடு முற்றத்துக்கு வாருங்கள். தெற்கே பாருங்கள். அங்கே தனித்துப் பிரகாசிப்பது ஸுஹைல். தமிழில் அகத்திய நட்சத்திரம் என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் அதே பெயர்தான். அதற்கு இடப்பக்கமாக உள்ள நட்சத்திரங்களுக்கு இடையில்தான், ராதாகிருஷ்ணன் ஆராய்ந்த வேலாப் பல்சர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு செக்கனுக்கு 11 தடவை சுழன்று கொண்டிருக்கிறது. கொழும்புப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், மொரட்டுவை ஆதர் சீ. கிளார்க் நிறுவகத்தில் 1996 முதல் ஒரு தொலைகாட்டி இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஒரு கொப்பியையும் கொடுங்கள். இன்று எதைப் பார்த்தாய், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று எழுதச் சொல்லுங்கள். நாளையும் எழுதட்டும். எல்லோரும் கடந்து போன கால் அங்குலக் கீறலை ஒரு பெண் கவனித்தது இந்தப் பழக்கத்தால்தான்.

அந்த ஒலிப்பதிவு மறுபடியும் உங்களுக்கு வந்தால், அனுப்பியவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். 'இது தட்டும் ஓசையல்ல, சுழலும் நட்சத்திரத்தின் அலை. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவி' என்று பக்குவமாகச் சொல்லுங்கள். படைத்தவனின் வல்லமைக்கு அந்த உண்மையே போதுமான சான்று. பிழையான விளக்கம் ஒன்றின் துணை அவனுடைய வேதத்துக்குத் தேவையில்லை.

பார்க்கும் கண்ணையும், பார்த்ததைச் சிந்திக்கும் உள்ளத்தையும், அறிந்ததை நேர்மையாகச் சொல்லும் நாவையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பெண்மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.